கட்டி கரைகிறது, ஆள் கரைகிறார்

புற்றுநோய்க்கான புதிய ஊசி சிலருக்கு மூளைக்கு அடியில் உள்ள பட்டாணி அளவு சுரப்பியை முடக்கிவிடுகிறது. மாற்று மாத்திரை ஒரு டீயின் விலைகூட இல்லை. இடுக்கி, பாலக்காடு எல்லையோரத்தில் அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும் பாடு.

பெரும்பாலும் நல்ல செய்தியில்தான் இது ஆரம்பிக்கிறது. சில மாதம் ஊசி போட்ட பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கும். டாக்டரின் முகத்தைப் பார்த்தே வீட்டார் அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். கோவையிலோ கோட்டயத்திலோ பஸ் பிடித்து, இரண்டு வண்டி மாறி, மலையேறி வந்து சேர்ந்தவர் அடுத்த சில வாரங்களில் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டார். தலைவலி. கஞ்சிகூட இறங்காது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். நேற்றுவரை சுவரைப் பிடித்தாவது நடந்தவர் இன்று பேசவே தெம்பில்லாமல் கிடப்பார். "வியாதி முத்திடுச்சு, இனி வீட்லயே வச்சுப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று லயத்தில் பேச்சு கிளம்பும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போகும்.

இது ஒரு தனி மனிதரின் கதையல்ல. எதிர்ப்பாற்றல் சிகிச்சை - இம்யூனோதெரபி - பரவிய இடங்களிலிருந்தெல்லாம் மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் போக்கு இது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இந்தக் கட்டத்தில் நோயாளியை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போகும். ரத்தத்தில் ஒரு ஹார்மோனைப் பார்ப்பார்கள். ஒரு ஊசி போடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பார். தேயிலைத் தோட்டத்து லயத்திலோ, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பு வீட்டிலோ அவர் எழுந்து உட்காருவாரா என்பது, அந்த ஹார்மோனின் பெயர் முதலில் அவரைப் பார்க்கும் டாக்டருக்கு நினைவுக்கு வருமா என்பதைப் பொறுத்தது.

ஏனென்றால் அவரைச் சாய்த்தது புற்றுநோய் இல்லை. பிட்யூட்டரி.

மூளைக்கு அடியில், மூக்கின் பின்புறம், எலும்பில் ஒரு சிறு குழிவு இருக்கிறது. குதிரைச் சேணம்போல இருப்பதால் உடற்கூற்றியலில் அதற்குத் 'துருக்கிச் சேணம்' என்று பெயர். அதில் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவு சதைதான் பிட்யூட்டரி சுரப்பி. எடை அரை கிராம் அளவு. தைராய்டு எவ்வளவு வேலை செய்ய வேண்டும், சினைப்பையும் விதைப்பையும் எப்போது சுரக்க வேண்டும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் எவ்வளவு கார்ட்டிசாலை வெளியே விட வேண்டும் என்பதெல்லாம் இங்கிருந்துதான் உத்தரவாகப் போகிறது. இவற்றில் கார்ட்டிசால்தான் உயிர் விஷயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் நிலைப்படுத்துவது அது. ஜுரம், அடி, ஆபரேஷன் என்று உடம்புக்கு ஒரு நெருக்கடி வந்தால் சுரப்பு பல மடங்கு ஏறும். தைராய்டு குறைந்தால் மனிதன் மாதக்கணக்கில் மந்தமாக நடமாடுவான். கார்ட்டிசால் இல்லையென்றால் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கில் போய்விடுவான்.

இந்தச் சுரப்பியை எதிர்ப்பாற்றல் சிகிச்சை ஏன் தாக்குகிறது? உடம்பின் காவல்படையான வெள்ளை அணுக்களுக்கு பிரேக் உண்டு. சொந்த உறுப்புகளையே கடித்துக் குதறிவிடாமல் இருக்க இயற்கை வைத்த பிரேக். புற்றுநோய்ச் செல்கள் தந்திரமாக இந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கின்றன. பிரேக்கை விடுவித்துவிட்டால் காவல்படையே கட்டியைத் தின்றுவிடுமே என்று யோசித்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். சி.டி.எல்.ஏ.-4 என்ற பிரேக் அவருடைய ஆராய்ச்சி. பி.டி.-1 என்ற இன்னொன்றை 1992-ல் கண்டறிந்தவர் ஜப்பானின் தாசுகு ஹோன்ஜோ. 2018-ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதல் பிரேக்கை விடுவிக்கும் இபிலிமுமாப் 2011-லும், இரண்டாவதை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் தோல் புற்று மூளைவரை பரவியிருந்தது. வயது 90. பெம்ப்ரோலிசுமாப் போட்டுக்கொண்ட அவர் 100 வயதைக் கண்டு 2024 டிசம்பரில்தான் காலமானார்.

பிரேக் இல்லாத வண்டி நேரே கட்டியின் மீது மட்டும் மோதும் என்று என்ன உத்தரவாதம்? தோல், குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு என்று எது மீதும் ஏறலாம். பிட்யூட்டரிக்கு இதில் கூடுதல் துரதிர்ஷ்டம் ஒன்று. அந்தச் சுரப்பியின் செல்களிலேயே சி.டி.எல்.ஏ.-4 இருப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். மருந்து கட்டியைத் தேடிப் போகும் வழியில் இந்தச் செல்களிலும் ஒட்டிக்கொள்கிறது. காவல்படை அதை எதிரியாக நினைத்துக்கொள்கிறது. ஹைப்போஃபைசைட்டிஸ் என்று இதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் இங்கே பிட்யூட்டரி அழற்சி என்றே வைத்துக்கொள்வோம்.

எத்தனை பேருக்கு வரும்? 38 மருத்துவச் சோதனைகளில் கலந்துகொண்ட 7,551 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018-ல் வெளியான ஆய்வு ஒரு கணக்குத் தருகிறது. இபிலிமுமாப் தனியாகப் போட்டவர்களில் 3.2 சதவிகிதம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து விடுவித்தால் 6.4 சதவிகிதம். நம் ஊரில் அதிகம் புழங்கும் பி.டி.-1 வகை ஊசியில் 0.4 சதவிகிதம், அதாவது ஆயிரத்தில் நாலு பேர். கவனித்துத் தேடிய ஆஸ்பத்திரிகளில் எண்ணிக்கை கூடியிருக்கிறது: பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இபிலிமுமாப் போட்ட 154 பேரில் 17 பேருக்கு இது வந்ததாக 2014-ல் பதிவானது. தேடாத இடத்தில் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்.

ஆயிரத்தில் நாலு என்றால் அலட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். ஊசி பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இப்போது இல்லை.

மலிவாக வரும் ஊசி

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் - பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் - தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரங்கட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தார்களே, பெம்பிளை ஒருமை, அப்போது அவர்கள் கூலி நாளொன்றுக்கு ரூ. 232. போராட்டத்துக்குப் பிறகு அது ரூ. 301 ஆயிற்று. எதிர்ப்பாற்றல் ஊசி 2016-17-ல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, முழு அளவில் ஒரு தவணைக்கான கம்பெனி விலை அந்தக் கூலியில் ஒரு வருட உழைப்பைத் தாண்டியது. தவணையோ இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. நம்மைப் போன்ற நாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை எட்டுவது நூற்றில் ஒருவர் முதல் மூவருக்குத்தான் என்று டாட்டா மெமோரியல் மருத்துவமனை டாக்டர்களே எழுதினார்கள்.

எழுதிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர். ஊசி இல்லாத பிரிவில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவிகிதம். ஊசி போட்ட பிரிவில் 43.4 சதவிகிதம். 2022-ல் வெளியான இந்த முடிவு உலகப் புற்றுநோய் வட்டாரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வெற்றிலையும் புகையிலையும் கொழுந்துப் பறிப்போடு ஒட்டிப் பிறந்த தோட்டப் பகுதிக்கு வாய்ப் புற்று புதிதல்ல. ஆகவே இந்த ஆராய்ச்சி மும்பையில் நடந்தாலும் அதன் பலன் தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும்தான்.

அரசாங்கங்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. பெம்ப்ரோலிசுமாபுக்கான சுங்க வரியை மத்திய அரசு 2023-ல் முழுமையாக நீக்கியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த துர்வாலுமாபுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் விலக்குக் கிடைத்தது. கேரள அரசு 2024 ஆகஸ்டில் 14 மாவட்டங்களிலும் 'காருண்ய ஸ்பர்சம்' என்ற பெயரில் லாபம் வைக்காமல் புற்றுநோய் மருந்து விற்கும் கவுண்டர்களைத் திறந்தது.

ஊசி மலை ஏறுகிறது. அதோடு அதன் பக்கவிளைவும் ஏறும். குறைந்த அளவு போட்டால் பக்கவிளைவும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்க இடமில்லை. கீமோ மருந்து விஷம்போல. அளவு கூடினால் கெடுதல் கூடும். இது அப்படி இல்லை. பிரேக்கை விடுவிக்கக் கொஞ்சம் மருந்தே போதும் என்பதால்தானே 20 மில்லிகிராம் பலித்தது? அந்தக் கொஞ்சமே வேண்டாத இடத்திலும் பிரேக்கை விடுவிக்கும்.

இரண்டு ராஜ்யத்து நோயாளி

1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகம் கேட்டது, கிடைக்கவில்லை. கோடு விழுந்தது வரைபடத்தில்தான். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும், கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்கும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரத்துக்கும் ஜனங்கள் பாட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப்பில் மலையேறி அந்தி சாயக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறவர்களுக்கு எல்லை என்பது செக்போஸ்டில் வண்டி நிற்கும் இரண்டு நிமிஷம்.

வைத்தியத்திலும் அப்படித்தான். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் மூணாறிலிருந்து ஒரு முழுப் பகல் பயணம். மொழி தெரிந்த ஊர், சொந்தக்காரர் வீடு, தங்க இடம் என்று பார்த்தால் மதுரையும் கோவையும் பக்கம். எனவே ஒரே நோயாளிக்குப் பயாப்ஸி ஒரு மாநிலத்தில், ஊசி இன்னொன்றில், ஜுரத்துக்கு மாத்திரை தோட்டத்து டிஸ்பென்சரியில். காப்பீடு எந்தப் பக்கம் என்பது ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில். நர்ஸ் பேசுவது மலையாளத்தில். நோயாளிக்குத் தெரிந்தது தமிழ்.

பிட்யூட்டரி அழற்சி சரியாக இந்த இடுக்கில்தான் ஒளிந்துகொள்கிறது. இபிலிமுமாபில் அது பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்துக்குள் தலைவலியோடு வரும். பி.டி.-1 ஊசியில் அந்த அறிவிப்பும் இல்லை. ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் கழித்து, சிகிச்சையே முடிந்த பிறகுகூட, தலைவலி இல்லாமல், கார்ட்டிசாலுக்கான உத்தரவு மட்டும் ஓசையின்றி நின்றுபோகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுரப்பி சாதாரணமாகவே தெரியலாம். ஊசி போட்ட டாக்டர் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். 'அசதி, வாந்தி' என்று வருகிறவரைப் பார்க்கும் உள்ளூர் டாக்டருக்கு, போன வருடம் போட்டது கீமோவா இம்யூனோவா என்று எப்படித் தெரியும்? நோயாளிக்கு இரண்டுமே 'கேன்சர் ஊசி'தான்.

ஆனால் இந்த வட்டாரத்து டாக்டர்களுக்கு முடங்கிய பிட்யூட்டரி முன்பின் தெரியாத விருந்தாளி இல்லை. பாலக்காட்டு நெல்வயல்களுக்குப் பழக்கமான கண்ணாடி விரியன் அதற்கு ஒரு காரணகர்த்தா. அதன் விஷம் ரத்தத்தைத் தாறுமாறாக உறையவைத்துப் பிறகு கசியவைக்கும். சிறுநீரகம் போவதை எல்லோரும் அறிவார்கள். சிலருக்குப் பிட்யூட்டரியும் போகும். 1987-லேயே பர்மாவில் கடிபட்ட விவசாயிகளிடம் இதைக் கண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பதிவுகள் வந்தன. கடியில் பிழைத்தவர் மாதங்கள், வருடங்கள் கழித்துச் சோர்ந்து, முகம் வெளிறி, மீசை தாடி மெலிந்து வந்து நிற்பார். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப்போன பெண்களுக்கும் இதே கதி நேர்வதை 1937-ல் ஹரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் நிபுணர் விவரித்தார். குழந்தைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்குத் திரும்பாது, எப்போதும் குளிர் என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். காஷ்மீரில் நடந்த ஒரு கணக்கெடுப்பு, 2005-ல் வெளியானது, பிள்ளை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவிகிதத்தினருக்கு இது இருப்பதாகச் சொன்னது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவிய கேரளத்தில் இது அருகிவிட்டது. பழைய தலைமுறை டாக்டரின் கண் மட்டும் இன்னும் அதை மறந்திருக்காது. அந்தக் கண்தான் இப்போது வேண்டியிருக்கிறது.

தைராய்டு என்னும் பொறி

சந்தேகம் வந்துவிட்டால் சோதனை சுலபம். காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் விஷயம் முடிந்தது. 15, 18-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. இடைப்பட்டால் இன்னொரு சோதனை. ஆனால் அதை எழுதிக்கொடுக்க யாராவது நினைக்க வேண்டும். பொதுவாக நடப்பது வேறு.

முதலாவது, ரத்தத்தில் உப்பு - சோடியம் - குறைந்திருக்கும். சலைன் ஏற்றுவார்கள். நோயாளி கொஞ்சம் தெளிவார். வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் மறுபடி குறையும். மறுபடி சலைன். மூன்றாவது முறையாவது 'ஏன் குறைகிறது?' என்று ஒருவர் கேட்டால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, தைராய்டு. இந்தப் பொறி ஆபத்தானது. லேப்களில் 'தைராய்டு டெஸ்ட்' என்றால் பல சமயம் டி.எஸ்.எச். ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். அது பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. தைராய்டே கெட்டுப்போனால் உத்தரவு உரக்கப் போகும், டி.எஸ்.எச். ஏறும். ஆனால் உத்தரவு போடும் அதிகாரியே விழுந்து கிடந்தால்? டி.எஸ்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ வரும். 'நார்மல்' என்று சீட்டு வரும். கூடவே தைராக்ஸின் அளவையும் பார்த்தால்தான் குட்டு உடையும். அப்படிப் பார்த்துக் குறை தெரிந்தாலும் உடனே தைராக்ஸின் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. தைராக்ஸின் உடம்பின் ஓட்டத்தைக் கூட்டும். இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலும் செலவாகிவிடும். நோயாளி சரிந்துவிடுவார். முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்ஸின். இந்த ஒரு வரிசை தெரியாமல் போனால் நல்லெண்ணத்தோடு கொடுத்த மாத்திரையே எமனாகும்.

மூன்றாவது சிக்கல் டெக்ஸாமெத்தசோன். வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு தாராளமாகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு. அது உடம்பில் இருக்கும்போது கார்ட்டிசால் சோதனை குறைவாகத்தான் காட்டும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயர் தெரியாத பொடிகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை. அந்தப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஊரறிந்த ரகசியம். எனவே என்னென்ன சாப்பிட்டார் என்ற விசாரணை இல்லாமல் ரிப்போர்ட்டைப் படிப்பதில் பயனில்லை.

வைத்தியம், வியாதியைப்போல் பயங்கரமில்லை. உடம்பு தினமும் சுரக்கும் கார்ட்டிசாலுக்குச் சமமாக ஹைட்ரோகார்ட்டிசோன் 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாக. சிற்றூர் மருந்துக் கடைகளில் அந்த மாத்திரை எப்போதும் இருக்காது. அப்போது டாக்டர்கள் ப்ரெட்னிசோலோனைக் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். அது எங்கும் கிடைக்கும், விலையும் அற்பம். மாதவிலக்கு, தைராய்டு சம்பந்தப்பட்ட உத்தரவுகள் சிலருக்கு மாதங்களில் திரும்பிவிடும். கார்ட்டிசால் உத்தரவு மட்டும் அநேகமாகத் திரும்புவதே இல்லை. ஆயுள் முழுக்க மாத்திரை.

புற்றுநோய் ஊசியை நிறுத்த வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். மாத்திரையில் நிலைப்பட்டதும் ஊசியைத் தொடரலாம். பார்வை மங்கினாலோ தாங்க முடியாத தலைவலி இருந்தாலோ தவிர, சுரப்பியைக் 'காப்பாற்ற' ஸ்டீராய்டை அள்ளிக் கொட்டுவதிலும் பலனில்லை. அப்படிக் கொட்டப்பட்ட தோல் புற்று நோயாளிகள் சீக்கிரம் இறந்ததாக 2018-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விசித்திரம் என்னவென்றால், முன்பு சொன்ன பாஸ்டன் ஆஸ்பத்திரியில் பிட்யூட்டரி கெட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்தார்கள்: 19.4 மாதம், மற்றவர்கள் 8.8. கட்டியைத் தின்ன வெறியோடு கிளம்பிய படைதான் சுரப்பியையும் கடித்திருக்கிறது. ஆக, எவருடைய உடம்பில் மருந்து நன்றாக வேலை செய்கிறதோ அவரையே இந்த ஆபத்தும் தேடி வருகிறது. 'முற்றிவிட்டது' என்று முடிவுகட்டப்படுகிறவர்களில் ஒருவராவது உண்மையில் குணமாகிக்கொண்டிருப்பவர் என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது.

"ஸ்டீராய்டா? கிட்னி போயிடுமே"

மாத்திரை கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது அடுத்த போராட்டம். ஸ்டீராய்டு என்றாலே நம் ஜனங்களுக்குக் கிலி. ஊதிப்போகும், எலும்பு உருகும், கிட்னி போகும். அதிக அளவில் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் முதல் இரண்டும் உண்மைதான். இல்லாததை ஈடுகட்டும் அளவுக்கு அந்தப் பயம் பொருந்தாது. கண்ணாடி போட்டுக்கொள்வதுபோலத்தான் இது. இதை டாக்டர் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்வதில்லை. 'பத்து நாளா நல்லாத்தான இருக்கேன்' என்று நோயாளி தானாகவே நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால் அபாயம் நாளைக்கே வரலாம்.

விரதங்களும் உண்டு. கார்த்திகை பிறந்தால் குமுளிப் பாதை முழுக்க ஐயப்ப பக்தர்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் ரமலானில் ஒரு மாதம் பகல் முழுக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை. கார்ட்டிசால் சுரக்காதவர் நோன்பு வைப்பதானால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு மாத்திரை வேளையை மாற்ற வேண்டும். பலருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மலையேறுவதும் அப்படியே. கடவுள் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் இதைக் கேட்கவேண்டும் என்று நோயாளிக்கு யார் சொல்வது?

ஜுரம் வந்தால் மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, தாமதமில்லாமல், தொடைச் சதையிலாவது. பல் பிடுங்கினாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும். இந்த ஊசி மருந்து சில பத்து ரூபாய் விஷயம். எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஆஸ்துமாவுக்காக வைத்திருப்பார்கள். கஷ்டம் மருந்தில் இல்லை, பாதையில். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் புதைந்தபோது கரண்டும் போனும் இல்லாமல் சேதி வெளியே வரவே மணிக்கணக்காயிற்று. அதே வருடம் கொரோனா ஊரடங்கில் வாளையாரில் பாஸ் இல்லாதவர்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால்கூட எஸ்டேட் ரோடு நாள் முழுக்க அடைபடும். கார்ட்டிசால் இல்லாத உடம்பு அவ்வளவு நேரம் காத்திருக்காது. பல நாடுகளில் இந்த ஊசியை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி, போடவும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இன்சுலின் போடத் தெரிந்த மருமகளுக்கு இதுவும் முடியாததில்லை.

கேரளத்திடம் இதற்கு ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சைக்கு 2008-லேயே தனிக் கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலம் அது. பஞ்சாயத்து தோறும் பாலியேட்டிவ் நர்ஸ் ஜீப்பிலோ நடந்தோ படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வருகிறார். புண் கழுவுகிறார், மாத்திரை தருகிறார், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாக இந்த ஏற்பாடு இல்லை. இதிலும் ஒரு முள் இருக்கிறது. நிம்மதியாகப் போய்ச்சேர உதவும் அதே கை, போகவேண்டிய அவசியமே இல்லாதவரையும் அன்போடு வழியனுப்பிவிடக்கூடும். அந்த நர்ஸின் நோட்டில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாக இருந்தால் போதும்: எதிர்ப்பாற்றல் ஊசி எப்போதாவது போட்டதுண்டா? 'ஆமாம்' என்றால் ரத்த அழுத்தத்தை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் ஒரு தடவை பார்ப்பது, சோடியமும் காலைக் கார்ட்டிசாலும் பார்க்கத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதுவது.

கோவையும் மதுரையும் கொச்சியும் இதில் கைகழுவிவிட முடியாது. லட்சங்களில் பில் போடும் ஆஸ்பத்திரி, ஊசியின் பெயர், போட்ட தேதிகள், 'வாந்தி, மயக்கம் என்று வந்தால் கார்ட்டிசால் பார்க்கவும்' என்ற ஒரு வரி, ஒரு போன் நம்பர் - இத்தனையும் அடங்கிய அட்டை ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்? வெளிநாடுகளில் இம்யூனோதெரபி நோயாளிகள் பர்ஸில் இப்படி ஓர் அட்டையோடுதான் நடமாடுகிறார்கள். நம் பக்கம் நோயாளி பத்திரமாக வைத்திருப்பது மஞ்சள் பையில் சுருட்டிய ஸ்கேன் படங்களை. அதில் ஊசியின் பெயர் இருக்காது.

காப்பீட்டிலும் இப்படி ஓர் ஓட்டை. கேரளத்தின் காருண்யா திட்டமும் தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அதிகமும் கைகொடுக்கும். ஆயுள் முழுக்க வீட்டிலிருந்தே விழுங்கவேண்டிய மாத்திரை அந்தக் கணக்கில் வராது. கைக்காசில் வாங்க முடிகிற விலைதான். மாத்திரை நின்றதால் சரிந்து, ஐ.சி.யூ.வில் படுத்து ஆகும் செலவை மட்டும் இரண்டு திட்டங்களும் தாராளமாகக் கொடுக்கும்.